புள்ளி, பேரேடு, மொய் நோட்டு: ஒரு பக்கத்தை எப்படிப் பிரிப்பது?

டிசம்பர் கடைசி வாரம் வந்துட்டா நம்மில் பலபேருக்கு ஒரு புது நோட்டு வாங்கணும்னு கை அரிக்கும். புள்ளி போட்ட தாள், நாலு கலர் பேனா, ஒரு ஸ்கேல் எல்லாம் வாங்கிடுவோம். அப்புறம் யூடியூப்ல உட்கார்ந்து மத்தவங்க பக்கத்தை எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்ப்போம். பொங்கல் வர்றதுக்குள்ள அந்த நோட்டு டிராயருக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னைக்குப் பேசப்போறது புல்லட் ஜர்னலோட பக்க அமைப்பைப் பத்தி. ஆனா டிப்ஸ் சொல்லப்போறதில்லை. ஒரு பக்கத்தை எப்படிப் பிரிக்கிறதுங்கிற கேள்வி ரொம்பப் பழசு. அதுக்குச் சொல்லப்பட்ட மூணு பதில்களை ஒரே மாவட்டத்துல பார்க்கலாம். அந்த மாவட்டம் புதுக்கோட்டை.

முதல்ல, இந்தப் புள்ளி எங்கே இருந்து வந்தது?

ரைடர் கேரல்னு நியூயார்க்ல வேலை பார்த்த ஒரு டிசைனர். சின்ன வயசுலேயே கவனக்குறைபாடு இருக்குன்னு கண்டுபிடிக்கப்பட்டவர். மத்தவங்க மாதிரி நோட்ஸ் எடுக்க வராததால, தனக்குன்னு ஒரு முறையை வருஷக்கணக்கா செதுக்கி வச்சிருந்தார். 2013ல அதை இணையத்துல வெளியிட்டார், 2018ல புத்தகமாவும் எழுதினார்.

அவரோட வடிவத்துல அலங்காரமே கிடையாது. முன்னாடி ஒரு பொருளடக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண். செய்ய வேண்டிய வேலைக்குப் புள்ளி, நிகழ்ச்சிக்குச் சின்ன வட்டம், குறிப்புக்கு ஒரு கோடு. வேலை முடிஞ்சா புள்ளி மேல பெருக்கல் குறி. முடியலைன்னா மாசக் கடைசியில அதை அடுத்த மாசத்துக்குக் கையால மறுபடி எழுதணும். இதுக்கு அவர் வச்ச பேர் 'மைக்ரேஷன்'. திரும்ப எழுதுற அளவுக்குக்கூட ஒரு வேலை முக்கியமில்லைன்னா, அது வேண்டாத வேலைன்னு அந்த இடத்துலயே தெரிஞ்சிடும்.

ஆக இந்த அமைப்புல ரெண்டு விஷயம்தான் இருக்கு. ஒன்று, குறிகள். இன்னொன்று, ஒரு இடத்துல எழுதினதை வேற இடத்துல தேடிப் பிடிக்க ஒரு வழி. இந்த ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு இப்போ புதுக்கோட்டைக்குப் போவோம்.

பாறையில் ஒரு கட்டம் போட்ட பக்கம்

புதுக்கோட்டை நகரத்துல இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துல குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னாடி மலையைக் குடைஞ்சு செய்த குகைக்கோயில் ஒன்று இருக்கு, மேலைக்கோயில்னு சொல்வாங்க. அதை ஒட்டின பாறையில கிரந்த எழுத்துல ஒரு பெரிய கல்வெட்டு. எழுத்தமைதியை வச்சு 7ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. மன்னர் நிலம் கொடுத்தார், விளக்கு எரிக்க ஆடு கொடுத்தார் மாதிரியான விஷயம் எதுவும் அதுல இல்லை. முழுக்க முழுக்க இசைச் சுரங்கள்.

அதோட அமைப்பைப் பாருங்க. மொத்தம் ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. சுரங்கள் நாலு நாலா கொத்தாகப் பிரிக்கப்பட்டிருக்கு. ஒரு வரிக்கு 16 கொத்து. மேல இருந்து கீழ பார்த்தா கட்டம் போட்ட தாள் மாதிரி வரிசையா நிக்கும். ஒரே சுரத்தை நாலு உயிரெழுத்தோட மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க. அதாவது 'ரி'ங்கிற ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என நாலு உருவத்துல வரும். சில எழுத்துக்களுக்கு மேல புள்ளியும் வச்சிருக்காங்க.

கடைசியில ஒரு குறிப்பு: உருத்திராச்சாரியாரோட சீடரான ஒரு மன்னர், மாணவர்களோட நன்மைக்காக இதைச் செய்தார்னு. மன்னரோட பேரைச் சொல்லலை. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவர்னு ஒரு கருத்து உண்டு, அதை எல்லா ஆய்வாளர்களும் ஏத்துக்கலை.

ஆக இது மாணவர்களுக்காகத் திட்டமிட்டுப் பிரிச்ச ஒரு பக்கம். ஆனா அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்? நாலு உயிரெழுத்தும் சுருதி வேறுபாட்டைக் காட்டுதா, வீணையில வாசிக்கிற முறையைக் காட்டுதா? நூறு வருஷமா அறிஞர்கள் விவாதிச்சுக்கிட்டே இருக்காங்க, இன்னும் ஒரு முடிவுக்கு வரலை. குறிகளுக்கான விளக்கம் பாறையில இல்லை, ஆசிரியரோட வாயில இருந்தது. அந்த ஆசிரியர்-மாணவர் தொடர்ச்சி அறுந்தப்போ பக்கம் மட்டும் மிஞ்சிப்போச்சு. ஒரு எழுத்துகூடத் தேயாம இருந்தாலும், குறிக்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லைன்னா பக்கம் ஊமையாயிடும்.

கடல் கடந்த பக்கம்

அடுத்து நாம போறது அதே மாவட்டத்தோட தென்பகுதி. திருமயம், பொன்னமராவதி பக்கம். செட்டிநாடுன்னா நமக்கு உடனே காரைக்குடி ஞாபகம் வரும். ஆனா நகரத்தார் ஊர்கள்ல ஒரு நல்ல பங்கு பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள்ள இருந்தது. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, வலையபட்டி. இந்த ஊர்கள்ல இருந்து ஆட்கள் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்புன்னு வட்டிக்கடை வைக்கப் போனாங்க. 1930 வாக்குல பர்மாவுல மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததா அங்கே நடந்த வங்கி விசாரணைக் குழு கணக்குப் போட்டது.

முதலாளி ஊர்ல இருப்பார். கடையை நடத்துறது சம்பளத்துக்குப் போன ஏஜெண்டு. அவருக்கு வழக்கமா மூணு வருஷத் தவணை. அவருக்குக் கீழ மேலாள், அடுத்தாள், கடைசியில பெட்டியடிப் பையன். எல்லாம் சரிதான், ஆனா ரங்கூன்ல ஒருத்தர் எழுதின கணக்கை, கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தர் படிச்சு நம்பணுமே? போன் போட்டு "இது என்னப்பா?"ன்னு கேட்க முடியாது. அதனால பக்கமே பேசணும்.

அதுக்கு ஒரு அடுக்கு முறை இருந்தது. அன்னன்னைக்கு நடக்கிறதை நடந்த வரிசையிலேயே நாள் கணக்குல எழுதுவாங்க. அதுல இருந்து ஒவ்வொரு ஆளோட பேருக்கும் உள்ளதைப் பிரிச்சுப் பேரேட்டுல ஏத்துவாங்க. கடைசியில மொத்தத்தையும் கூட்டிச் சரிபார்த்தா ஐந்தொகை. பிளஸ் ஒன்ல கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்குப் பேரேடுங்கிற வார்த்தை பழக்கம்தான். 'ஜர்னல்'ங்கிறதுக்கு அந்தப் பாடநூல்ல இருக்கிற தமிழ் வார்த்தை 'குறிப்பேடு'. அதுல ஒரு சின்னப் பத்தி பேரேட்டுப் பக்க எண் எழுதுறதுக்காகவே இருக்கும். புல்லட் ஜர்னல்காரங்க 'த்ரெட்டிங்'னு சொல்றது கிட்டத்தட்ட இதேதான்.

குறிகளும் இருந்தன. பக்கத்துக்கு மேல பிள்ளையார் சுழி. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. ஓலையில எழுதின காலத்துல இடமும் உழைப்பும் மிச்சமாகணும்னு கூட்டெழுத்தாச் சுருங்கினவை இதெல்லாம். வட்டிக்கடைக்காரங்க மட்டுமில்லை, கணக்கு எழுதுற எல்லாருக்கும் பொதுவான சொத்து. பழைய பத்திரங்கள்ல இன்னைக்கும் இதைப் பார்க்கலாம். 2003லேயே யூனிகோடுல இடம் கிடைச்சதால, உங்க போன்லேயே இருக்கு.

இது தமிழருக்கு மட்டும் தோணின யோசனைன்னு நான் சொல்லலை. 1494ல வெனிஸ்ல லூக்கா பசியோலி அச்சிட்ட கணித நூல்ல இதே மாதிரி அடுக்கு இருக்கு: முதல்ல வரைவு, அப்புறம் நாள் ஏடு, அப்புறம் பேரேடு. ஒரு ஏட்டுல இருந்து அடுத்ததுக்கு மாத்தினதும் பழைய வரியைக் கோடு போட்டு அடிக்கணும்னு அவர் சொல்றார். கேரலோட மைக்ரேஷனைப் படிக்கிறப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது இந்தக் கோடுதான்.

பத்தி இல்லாத விஷயம்

இவ்வளவு கச்சிதமான பக்கத்துல எதுக்கு இடம் இல்லாமப் போச்சுன்னும் பார்க்கணும். 1930ல உலகப் பொருளாதாரம் சரிஞ்சப்போ பர்மாவுல நெல் விலை விழுந்தது. நிலத்தை அடமானம் வச்சுக் கடன் வாங்கின விவசாயிகளால திருப்பிக் கட்ட முடியலை. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல, 1930ல செட்டியார்கள் கையில இருந்தது விவசாய நிலத்துல 6 சதவீதம். 1937–38ல அது 25 சதவீதம். நிலம் வாங்குறது அவங்க தொழில் கிடையாது. பணம் திரும்பி வராத இடத்துல நிலம் வந்து சேர்ந்தது.

பேரேட்டுல அது ஒரு மாறுதல்தான், கடன்ல இருந்த தொகை நிலமா மாறிப்போச்சு. ஆனா அந்த வயலை இழந்த குடும்பம் எங்கே போச்சு, அங்கே எவ்வளவு கோபம் சேருதுங்கிறதுக்குப் பேரேட்டுல பத்தி கிடையாது. 1942ல ஜப்பானியப் படை வந்தப்போ பல்லாயிரம் இந்தியர்கள் கால்நடையா பர்மாவை விட்டு ஓடி வந்தாங்க. 1948ல நில தேசியமயச் சட்டம் வந்தது. பேரேட்டுல சொத்துன்னு நின்ன நிலம் வெறும் எழுத்தாச்சு. கணக்குல தப்பே இல்லை. ஆனா அந்தப் பக்கத்தால கேட்க முடிஞ்ச கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பணம் எங்கே இருக்கு?"

நாமளும் இதேதான் செய்யறோம். தினம் எவ்வளவு தண்ணி குடிச்சோம், எத்தனை பக்கம் படிச்சோம்னு கட்டம் போட்டா, கட்டம் போட்டது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கட்டம் இல்லாதது நடக்காத மாதிரியே ஆயிடும்.

ஆடி மாசத்து நோட்டு

மூணாவது பதில் இன்னைக்கும் உயிரோட இருக்கு. ஆடி மாசம் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் போனீங்கன்னா ஊர் முழுக்க மொய் விருந்து பிளெக்ஸ் பார்க்கலாம். பக்கத்துல தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியிலும் இது உண்டு. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தல்ல விருந்து வைப்பாங்க. ஆட்டுக்கறிச் சாப்பாடு பொது, மொய் வாங்குற மேசை மட்டும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி. ஒருத்தர் பணத்தை எண்ணுவார், இன்னொருத்தர் எழுதுவார். ஒரு குடும்பம் பொதுவா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை விருந்து வைக்கும். அப்படி வந்த பணத்துல கிணறு வெட்டினவங்க, பிள்ளைங்களைப் படிக்க வச்சவங்க, கடை போட்டவங்க நிறையப் பேர்.

இந்த நோட்டை எப்படிப் பிரிக்கறாங்க? மேசையில எழுதுறப்போ வந்த வரிசை. வீட்டுக்குப் போனதும் அதை ஊர்வாரியா மாத்தி எழுதுவாங்க. ஏன் ஊர்வாரி? நாளைக்கு வடகாட்டுல ஒரு விருந்துன்னு பத்திரிகை வந்தா, வடகாட்டுப் பக்கத்தைத் திறந்தாப் போதும். அவர் நமக்கு எவ்வளவு செஞ்சார்னு உடனே தெரியணும். 1,000 ரூபாய் வாங்கியிருந்தா, 2,000 போட்டுட்டு வருவாங்க. பழைய ஆயிரம் அதோட கழிஞ்சது, புது ஆயிரம் அவர் நோட்டுல ஏறுது. எந்த வரியை அடிக்கிறோம், எந்த வரி அடுத்த நோட்டுக்குப் போகுதுங்கிறதுல ரெண்டு குடும்பத்தோட மரியாதையே அடங்கியிருக்கு. இப்போ சில பந்தல்கள்ல கம்ப்யூட்டர் வச்சு ரசீதே அடிச்சுக் கொடுக்கறாங்க. அதுலயும் ஊர் முதல்ல, பேர் அப்புறம்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்தத் தென்னந்தோப்புகளைச் சாய்ச்சுப் போட்டது. அடுத்த ஆடியில மொய் வசூல் குறைஞ்சதா செய்திகள் வந்தன. ஒருத்தர் போடலைன்னா அவர் கையில இல்லை, அவ்வளவுதான்னு ஊருக்கே தெரியும். ஆனா நோட்டுக்குத் தெரியாது, அது தொகையை மட்டும்தான் காட்டும். மீதியைப் பக்கத்துல உட்கார்ந்து எழுதினவங்க ஞாபகம் வச்சிருக்கணும். மொய் நோட்டு இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கிறதுக்கு நான் நினைக்கிற காரணம் இதுதான்: அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க அதே வீட்டுலயே இருக்காங்க.

உங்க நோட்டுக்கு

ஆக, பக்கம் பிரிக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி "எப்படி இருந்தா அழகா இருக்கும்?"னு தோணலை எனக்கு. "இந்தப் பக்கத்தை யார், எப்போ, எதுக்காகத் திறப்பாங்க?" மொய் நோட்டு ஊர்வாரியா இருக்கிறதுக்கும், பேரேடு ஆள்வாரியா இருக்கிறதுக்கும் காரணம் அந்தக் கேள்விதான். மார்ச் மாசம் உங்க நோட்டை நீங்களே திறந்து எதைத் தேடுவீங்கன்னு யோசிங்க. அதை வச்சுப் பிரிங்க.

ரெண்டாவது, உங்க குறிகளுக்கு என்ன அர்த்தம்னு முதல் பக்கத்துலயே எழுதி வைங்க. உங்களுக்கு மறக்காதுன்னு நினைப்பீங்க. குடுமியான்மலைப் பாறையில சுரங்களைப் பொறிக்கச் சொன்னவரும் மாணவர்களுக்கு மறக்காதுன்னுதான் நினைச்சிருப்பார்.

உங்க வீட்டுல பரண் மேல பழைய கணக்கு நோட்டோ மொய் நோட்டோ இருந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பாட்டி தாத்தாகிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க. ௸ன்னா என்ன, யார் பேருக்கு நேரா ஏன் கோடு போட்டிருக்குன்னு கேட்டு, அதே நோட்டுல பென்சில்ல குறிச்சு வைங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.