கடன் தகவல் அறிக்கையில் பிழைதிருத்தம்

கடன் தகவல் அறிக்கையில் பிழைதிருத்தம் என்பது, ஒருவரின் கடன் வரலாறு பற்றி வங்கியோ நிதி நிறுவனமோ தவறாக அனுப்பிய பதிவை எதிர்த்து முறையிட்டு, அதை மாற்றச் செய்யும் நடைமுறை. இந்தியாவில் இதற்கு அடிப்படை 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். வீட்டுக்கடன் கேட்டுப் போய், "உங்க சிபில் சரியில்லை" என்ற பதிலோடு திரும்பும்போதுதான் தன்னைப் பற்றி இப்படியோர் அறிக்கை இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது.

இந்தச் சட்டத்தின் வேர் வங்கி இரகசியத்தில் இருக்கிறது. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 1955ஆம் ஆண்டின் ஸ்டேட் வங்கிச் சட்டமும், வங்கிகளை நாட்டுடைமையாக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்தின. ஒரு வங்கியில் கடனைக் கட்டாமல் விட்டவர் அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு வங்கியில் புதுக்கடன் வாங்க முடிந்தது. 1994இல் ரிசர்வ் வங்கி, ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை வங்கிகளுக்குச் சுற்றுக்கு விடத் தொடங்கியது. சாதாரணக் கடன்காரர் அந்தப் பட்டியலில் வரவில்லை. 1999இல் என்.எச். சித்திக்கி தலைமையில் அமைந்த குழு, கடன் தகவலைத் திரட்டிப் பகிரத் தனி நிறுவனம் வேண்டும் என்றது. ஸ்டேட் வங்கியும் எச்டிஎப்சியும் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து 2000 ஆகஸ்டில் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தைத் தொடங்கின. தனிநபர் பதிவுகள் 2004இல் பயன்பாட்டுக்கு வந்தன. இரகசியக் கட்டு அப்போதும் விலகவில்லை என்பதால், கடன் விண்ணப்பத்திலேயே வாடிக்கையாளரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வங்கிகள் தகவலைக் கொடுத்தன. இந்த இழுபறியைத் தீர்த்தது 2005ஆம் ஆண்டுச் சட்டம். அது 2006 டிசம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹை மார்க் ஆகியவையும் இத்துறையில் இறங்கின.

தகவலைப் பகிர வழிசெய்த அதே சட்டம், அதைத் திருத்தக் கோரும் உரிமையையும் 21ஆம் பிரிவில் தந்தது. கோரிக்கை வந்த 30 நாளுக்குள் திருத்த நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் சம்பந்தப்பட்ட வங்கி சரி என்று சான்றளித்த பிறகே கடன் தகவல் நிறுவனம் பதிவில் கைவைக்கலாம். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. புகார் சிபிலுக்குப் போனாலும் தீர்ப்பு எழுதுவது வங்கி. தவறு செய்ததாகச் சொல்லப்படும் தரப்பே தன் தவறைத் தானே விசாரிக்கிறது.

பிழைகள் பல வகை. முதலாவது ஆள் அடையாளம் குழம்புவது. தமிழ்ப் பெயர்களில் இது அதிகம் நேரக் காரணம் உண்டு. வங்கிப் புத்தகத்தில் "கே. செல்வம்" என்றிருப்பவர் பான் அட்டையில் தந்தை பெயரையும் சேர்த்து "செல்வம் கருப்பையா" ஆகிறார், ஆதாரில் வெறும் "செல்வம்". பழைய நகைக்கடன், பயிர்க்கடன் கணக்குகளில் பான் எண்ணே இல்லாமலிருக்கலாம். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி, முகவரி ஆகியவற்றை வைத்துக் கணினி ஆளைப் பொருத்தும்போது ஒருவர் இரண்டு பேராகப் பிரிந்துபோகிறார், அல்லது இரண்டு செல்வங்களின் கடனும் ஒருவர் தலையில் விழுகிறது.

இரண்டாவது, கணக்கு நிலை. முழுதாகக் கட்டி முடித்த கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டும். தவணையைத் தேதி தவறாமல் கட்டிய மாதத்துக்கு நேரே தாமத நாட்களின் எண் நிற்கும். இதில் "செட்டில்டு" என்ற குறிப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேசித் தீர்த்துக் குறைந்த தொகை கட்டியவருக்கு அந்தக் குறிப்பு வந்தால் அது பிழையல்ல. முழுத்தொகையும் கட்டியவருக்கு வந்தால் பிழை. அதுபோல, நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் தன் அறிக்கையில் வருவதும் முறையானதே.

மூன்றாவது மோசடி: தான் வாங்காத கடன். 2022 தொடக்கத்தில் செல்போன் செயலி ஒன்றில் பிறருடைய பான் எண்ணைக் கொடுத்துச் சிறுகடன்கள் வாங்கப்பட்டது வெளியானது. நடிகை சன்னி லியோனும் தன் பெயரில் அப்படியொரு கடன் எடுக்கப்பட்டதாகச் சொன்னார்.

முறையிடுபவர் முதலில் அறிக்கையை எடுக்க வேண்டும். 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கு நிறுவனங்களின் அறிக்கைகளையும் பார்ப்பது நல்லது. ஒன்றில் உள்ள பிழை மற்றதில் இல்லாமலிருக்கலாம். பிறகு கணக்கு எண், தவறான பதிவு, சரியான விவரம் மூன்றையும் எழுதி, கடன் முடிந்ததற்கான என்ஓசி கடிதத்தையும் கட்டிய ரசீதையும் இணைத்து வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கலாம். கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. புகார் எண் கையில் இருக்க வேண்டும், 30 நாள் அதிலிருந்துதான் ஓடும். அறிக்கையில் உள்ள கடன் மதிப்பெண் (ஸ்கோர்) குறைவு என்று மட்டும் முறையிட முடியாது. அதற்குக் காரணமான பதிவைச் சுட்ட வேண்டும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவரது வரம்புக்குள் வந்துள்ளன. 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து, 30 நாளைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 21 நாளுக்குள் வங்கி திருத்தம் அனுப்பாவிட்டால் இழப்பீட்டை வங்கி தர வேண்டும். வங்கி அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்தால் அந்த நிறுவனம் தர வேண்டும். வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.