துண்டும் சட்டமும்: மலைநாட்டில் வாசிப்பின் வரலாறு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் எழுத்து என்பது தொழிலாளியிடம் முதன்முதலாகக் கடனின் உருவிலேயே வந்து சேர்ந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணி அழைத்துவந்த குடும்பம், வழிச்செலவு தொடங்கி வாங்கிய முன்பணம் அனைத்தையும் அவனுடைய ஏட்டில் பற்றாகச் சுமந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவ்வாட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கே துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய தொகை மறுபடியும் தொழிலாளர் தலையில் கடனாக ஏறும். தம்மை இடம் மாற்றிய அச்சீட்டில் எழுதியிருந்த தொகை எவ்வளவு, அது எப்படி வந்தது என்பதை அவர்களுள் மிகப் பெரும்பாலோரால் படித்தறிய இயலவில்லை. 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றே துண்டு முறையை ஒழித்தது.

அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் இப்பாடசாலைகள் அதன் பயனுக்குப் பெரிதும் புறத்தேயே நின்றன; 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அங்கே அரிச்சுவடியும் வாய்பாடும் இருந்தன. உரத்துப் படித்தலும் பார்த்தெழுதலும் இருந்தன. பார்த்தெழுதுவதை நான் இகழமாட்டேன். கை பழகாமல் எழுத்து வருவதில்லை. ஆனால் தோட்டத்துக்கு வேண்டியிருந்தது பழகிய கை மட்டுமே. எழுதியவர் யார், எவர்பொருட்டு எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்னும் வினாக்களை எவரும் பாடமாக வைக்கவில்லை.

அப்பாடம் பள்ளிக்கு வெளியே நடந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். அவை சிறு நூல்களாகவும் வந்தன. எழுத்தறியாதவனும் தன் கணக்கைக் கேள்வி கேட்க அங்கேதான் கற்றான்.

கற்றது போதவில்லை என்பதை 1948 காட்டிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை, எங்கள் அக்கரப்பத்தனை மாணவர்கள் பரீட்சைக் குறிப்புகளில் ஒரே வரியாக மனனம் செய்திருப்பார்கள்: 'இச்சட்டத்தால் மலையக மக்கள் நாடற்றவராயினர்.' உண்மைதான், ஆனால் எப்படி? உயர்தர வகுப்பில் அதன் பிரிவுகளைத் தமிழாக்கிக் கொடுத்து, தொழிலாளரை விலக்கும் சொற்களின்கீழ்க் கோடிடச் சொன்னேன். அரைமணி நேரம் தேடியும் எவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாமையே பாடம். இலங்கையில் பிறந்தவன் வம்சாவழிப் பிரசையாக வேண்டுமாயின், அவனுடைய தந்தை இங்கே பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். எல்லார்க்கும் பொதுவான, சாதுவான வாக்கியம்! தோட்டம் என்ற சொல்லும் இல்லை, தமிழர் என்ற சொல்லும் இல்லை. ஆயினும் தந்தை கடல் கடந்து வந்தவன். பாட்டன் பிறந்ததற்கு எந்த லயத்திலே பத்திரம் கிடைக்கும்? மேலும் ஒரு மாணவி கண்டுபிடித்தாள்: மணவழிப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிறப்பிடம் கணக்கிலேயே இல்லை. கொழுந்து பறித்தவள் தாய் அல்லவா?

1947இல் அயலிலுள்ள தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 தேர்தலில் அவரைத் தேர்ந்த மக்களுள் மிகப் பலர்க்கு வாக்கே இல்லை. இரண்டு தேர்தல்களுக்கும் இடையே நின்றது, மேலே கண்ட அந்தச் சாதுவான வாக்கியமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும்.

பிரேசில் நாட்டு அங்கிகோஸ் என்னும் ஊரில் 1963இல் பவுலோ ஃபிரெய்ரே ஏறத்தாழ 300 பேருக்குச் சுமார் 40 மணிநேரத்தில் எழுத்தறிவித்தார். அவர்களுடைய வாழ்வில் வழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கினார். அடுத்த ஆண்டு இராணுவ ஆட்சி அவரைச் சிறையிலிட்டது. ஆட்சியாளர் அஞ்சியது வெறும் அரிச்சுவடிக்கு அன்று.

நம்மிடமும் அத்தகைய சொல் உண்டு. ஒரு நாட்கூலிக்குத் தோட்டத்தில் 'பேர்' என்று பெயர். நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. மனிதன் பெயர் எப்படிக் கூலியாயிற்று, எவர் அதைப் பாதியாக்கினார் என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னால், குறிப்புப் புத்தகம் உதவாது. வீட்டில் கேட்கவேண்டும், செக்றோலைப் பார்க்கவேண்டும், கேட்டதையும் பார்த்ததையும் ஒப்பிடவேண்டும். 2021இல் வர்த்தமானி நாட்சம்பளத்தை 1,000 ரூபா என்றது. எத்தனை கிலோவுக்கு, மாதத்தில் எத்தனை நாளுக்கு என்று மாணவர் கேட்டனர். பல தோட்டங்களில் நிறை கூட்டப்பட்டது, வேலைநாள் குறைந்தது என்று தொழிலாளர் முறையிட்டதும் அதைப் பற்றியே.

இப்பொழுது அவர்கள் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துவருகின்றனர்.