பிளெட்சர் சட்ட, ராஜதந்திரப் பள்ளி

பிளெட்சர் பள்ளி, அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த மெட்ஃபோர்டு நகரில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். பன்னாட்டு உறவுகளையும் பன்னாட்டுச் சட்டத்தையும் சேர்த்துக் கற்பிப்பதற்காகவே 1933இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு விவகாரங்களுக்கென்றே அந்நாட்டில் ஏற்பட்ட முதுநிலைப் பள்ளிகளில் இதுவே மூத்தது.

டஃப்ட்ஸின் பழைய மாணவரும் நியூயார்க் வழக்கறிஞருமான ஆஸ்டின் பார்க்ளே பிளெட்சர் 1923இல் காலமானார். பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த சொத்து 30 லட்சம் டாலருக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு இப்பள்ளிக்கு. வக்கீல்களை உருவாக்கும் வழக்கமான சட்டக் கல்லூரி வேண்டாம், வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்கள் பன்னாட்டுச் சட்டத்தைப் பழுதறக் கற்க வேண்டும் என்பது உயிலின் சாரம். எழுதியவரே வக்கீல் என்பதுதான் வேடிக்கை. ஹார்வர்டின் ஒத்துழைப்போடு 21 மாணவர்களை வைத்துப் பள்ளி திறந்தது.

முதன்மைப் பட்டமான எம்.ஏ.எல்.டி. (சட்ட, ராஜதந்திர முதுகலை) இரண்டாண்டுப் படிப்பு. பன்னாட்டுச் சட்டம், ராஜதந்திர வரலாறும் அரசியலும், பொருளாதாரம் என்று பாடங்கள் நெடுங்காலம் மூன்று பிரிவுகளாக இருந்தன. இந்தப் பட்டத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அதற்கு ஹார்வர்டு சட்டப் பள்ளியோடு சேர்ந்த இரட்டைப் பட்டம் உண்டு. ஏற்கெனவே சட்டம் படித்தவர்களுக்கான எல்.எல்.எம். படிப்பைப் பள்ளி பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

பன்னாட்டுச் சட்டம், பன்னாட்டு உறவுகள் இரண்டையும் சேர்த்துப் படிப்பதன் பயன், சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் நன்றாகத் தெரியும். மனித வாழ்வையோ தனித்த பொருளாதார வாழ்வையோ தாங்க முடியாத பாறைகளுக்கு 200 கடல்மைல் பொருளாதார மண்டலம் கிடையாது என்கிறது 1982 கடல்சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவு. அக்கடலில் தைவான் வசமுள்ள இட்டு அபா தீவில் கிணறும் மரங்களும் ஆட்களும் உண்டு. ஆனாலும் அது சட்டப்படி பாறைதான் என்று நடுவர் மன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. 'தாங்க' என்ற சொல்லை எப்படிப் பொருள்கொள்வது என்பதோடு சட்ட மாணவரின் கேள்வி முடிந்துவிடும். சீனா ஏற்க மறுத்த அத்தீர்ப்பை யார் நிறைவேற்றுவது, வழக்கில் வென்ற பிலிப்பைன்ஸ் அதை வைத்து என்ன பேரம் பேசலாம் என்பவை மற்ற துறையின் கேள்விகள். ஒன்றை மட்டும் படித்தவருக்கு வழக்கு பாதிதான் புரியும்.

இங்கே நெடுநாள் பன்னாட்டுச் சட்டம் கற்பித்த லியோ கிராஸ், வியன்னாவில் சட்டக் கோட்பாட்டாளர் ஹான்ஸ் கெல்சனின் மாணவர். 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா சமாதானம் பற்றி 1948இல் ஒரு சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரையைச் சட்டத்துறையினரைவிடப் பன்னாட்டு உறவுத் துறையினரே அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லலாம். இறையாண்மை அரசுகளின் உலகம் அந்தச் சமாதானத்தில் தொடங்கியது என்ற அதன் கருத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கடுமையாக மறுத்திருக்கிறார்கள்.

அமெரிக்க செனட்டராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் இங்கே படித்தவர். இந்திய அரசியல்வாதி சசி தரூர் 1978இல், தம் 22ஆம் வயதில், இங்கு முனைவர் பட்டம் பெற்றார். இந்திரா காந்தி காலத்து வெளியுறவுக் கொள்கையை ஆராய்ந்த அவரது ஆய்வேடு 1982இல் நூலாக வந்தது. ஏற்கெனவே சட்டம் படித்தவர்களுக்கான எல்.எல்.எம். படிப்பைப் பள்ளி பிற்பாடு சேர்த்துக்கொண்டது.