கொரிந்தியன் கல்லூரிகள்

கொரிந்தியன் கல்லூரிகள் என்பது 1995 முதல் 2015 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் தொழிற்கல்வி நிலையங்களை நடத்திய ஓர் இலாப நோக்கு நிறுவனம் ஆகும். எவரெஸ்ட், ஹீல்ட், வையோடெக் ஆகிய மூன்று பெயர்களில் இதன் கல்லூரிகள் அறியப்பட்டன. மருத்துவ உதவியாளர், பல் மருத்துவ உதவியாளர், கணக்கியல், குற்றவியல் நீதி, வாகனப் பழுதுபார்ப்பு முதலிய துறைகளில் குறுகிய காலப் பயிற்சிகளும் சில பட்டப் படிப்புகளும் இங்கு வழங்கப்பட்டன. 2010 ஆம் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வளாகங்களில் 1,10,000 இற்கும் அதிகமான மாணவர்கள் பயின்றனர்.

படித்து முடித்தோரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைப் பொய்யாகக் காட்டி மாணவர்களைச் சேர்த்ததாக எழுந்த முறையீடுகளும் வழக்குகளும் இந்நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு வழிவகுத்தன. 2015 ஏப்ரலில் எஞ்சியிருந்த வளாகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. இங்குப் பயின்ற சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கூட்டாட்சிக் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்வதாக 2022 சூனில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் அறிவித்தது. அத்திணைக்களம் அதுவரை ஒரே அறிவிப்பில் செய்த கடன் தள்ளுபடிகளில் இதுவே மிகப் பெரியது.

தோற்றமும் வளர்ச்சியும்

கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1995 பிப்ரவரியில் இந்நிறுவனம் தொடங்கப்பட்டது. புதிய கல்லூரிகளைக் கட்டுவதை விட, ஏற்கெனவே இயங்கி வந்த தொழிற்கல்வி நிலையங்களை விலைக்கு வாங்குவதே இதன் வளர்ச்சி முறையாக இருந்தது. 1999 இல் இதன் பங்குகள் நாசுடாக் சந்தையில் பட்டியலிடப்பட்டன. வயோமிங் மாநிலத்தின் லாரமி நகரில் 1966 இல் தொடங்கிய வையோடெக் 2002 இலும், சான் பிரான்சிசுகோவில் 1863 இல் தொடங்கிய ஹீல்ட் கல்லூரி 2010 இலும் இதன் வசமாயின. ஒன்றரை நூற்றாண்டு காலம் நல்ல பெயர் எடுத்திருந்த ஹீல்டை, அதன் புதிய உரிமையாளர் யார் என்பதை அறியாமலேயே பலர் நம்பிச் சேர்ந்தனர்.

வருமானம் வந்த வழி

மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்நிறுவனம் ஆண்டுதோறும் சுமார் 140 கோடி டாலரைக் கூட்டாட்சி அரசின் மாணவர் உதவித் திட்டங்கள் வழியாகப் பெற்று வந்தது. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையும் அரசுக் கல்விக் கடனும் இதில் அடங்கும். பணம் மாணவர் பெயரில் வழங்கப்பட்டு, கல்லூரியின் கணக்கைச் சென்றடையும். கடன் மட்டும் மாணவரிடம் தங்கும். மாணவர் படிப்பைப் பாதியில் விட்டாலும், வேலை கிடைக்காமல் போனாலும், கல்லூரி பெற்ற கட்டணத்தின் பெரும்பகுதி அதனிடமே இருக்கும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பிற்காலச் சிக்கல்கள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

இதற்கு ஒரு வரம்பாக 90/10 விதி இருந்தது. இலாப நோக்குக் கல்லூரி ஒன்று தன் வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கல்வித் திணைக்கள உதவியிலிருந்து பெறலாகாது என்பது இவ்விதி. 1992 இல் 85 விழுக்காடாக இருந்த வரம்பு 1998 இல் 90 ஆக உயர்த்தப்பட்டது. மாணவர்கள் தம் கையிலிருந்து பத்தில் ஒரு பங்காவது செலுத்த முன்வரும் அளவுக்குக் கல்வி தரமானதாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். முன்னாள் படைவீரர்களுக்கான கல்வி உதவி நீண்ட காலம் 10 விழுக்காட்டுப் பக்கத்தில் கணக்கிடப்பட்டதால், கல்லூரிகள் படைவீரர்களைத் தேடிச் சென்றன. 2021 இல் இயற்றப்பட்ட சட்டமே இந்த ஓட்டையை அடைத்தது.

செனட்டர் டாம் ஹார்க்கின் தலைமையிலான செனட் குழு 2012 சூலையில் 30 இலாப நோக்குக் கல்வி நிறுவனங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2009 ஆம் ஆண்டில் அந்நிறுவனங்கள் விளம்பரத்துக்கும் மாணவர் சேர்க்கைக்கும் 420 கோடி டாலர் செலவிட்டன. இலாபம் 360 கோடி. கற்பித்தலுக்கான செலவோ 320 கோடி மட்டுமே. கொரிந்தியனும் அந்த முப்பதில் ஒன்று.

மாணவர்களின் முறையீடுகள்

2007 ஆம் ஆண்டிலேயே கலிபோர்னிய அரசு, வேலைவாய்ப்பு பற்றிய தவறான தகவல்களுக்காக இந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. சுமார் 65 இலட்சம் டாலருக்கு அவ்விவகாரம் தீர்த்துக்கொள்ளப்பட்டது. நிறுவனத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இத்தொகை மிகச் சிறியது. எனவே நடைமுறை பெரிதாக மாறவில்லை.

வேலைவாய்ப்பு விகிதம்

முறையீடுகளின் மையத்தில் இருந்தது ஒரே ஓர் எண். படித்து முடித்தோரில் எத்தனை விழுக்காட்டினர் தம் துறையில் வேலை பெற்றனர் என்பதைக் காட்டும் வேலைவாய்ப்பு விகிதமே அது. சேர வருவோர் பார்த்து முடிவெடுத்ததும், தரச்சான்று அமைப்புகள் சரிபார்த்ததும், பங்குதாரர்களுக்குச் சொல்லப்பட்டதும் இந்த எண்தான். அதைக் கணக்கிட்டுத் தந்ததோ கல்லூரியே.

இத்தகைய விகிதம் எவ்வாறு வளையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நூறு பேர் படித்து முடித்து, நாற்பது பேர் துறை சார்ந்த வேலை பெற்றால் விகிதம் 40 விழுக்காடு. உடல்நலக் குறைவு, மேற்படிப்பு போன்ற காரணங்களைக் காட்டி முப்பது பேரை வேலை தேடாதவர்கள் எனக் கணக்கிலிருந்து நீக்கினால், எழுபதில் நாற்பது என அது 57 விழுக்காடாகிவிடும். மேலும் பத்துப் பேர் பார்க்கும் ஏதோ ஒரு வேலையைத் துறை சார்ந்தது எனக் குறித்துவிட்டால் 71 விழுக்காடாகும். புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைத்திருக்காது.

ஹீல்ட் வளாகங்களில் கல்வித் திணைக்களம் நடத்திய ஆய்வில் 947 வேலைவாய்ப்பு விகிதங்கள் தவறாகத் தரப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. கணக்கியல் படித்து 2011 இல் தேறிய ஒருவர், துரித உணவகம் ஒன்றில் 2006 முதல் பார்த்து வந்த வேலை, அவருடைய துறை சார்ந்த வேலையாகப் பதியப்பட்டிருந்தது. தற்காலிகப் பணியாளர்களை அனுப்பும் முகமைகளுக்குக் கல்லூரியே பணம் கொடுத்து, தன் மாணவர்களைத் தன் வளாகத்திலேயே சில நாட்கள் பணியில் அமர்த்தச் செய்து, அவர்களையும் வேலை பெற்றோர் பட்டியலில் சேர்த்திருந்தது.

கலிபோர்னியத் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த கமலா ஹாரிஸ் 2013 அக்டோபரில் தொடுத்த வழக்கு இன்னும் கடுமையானது. சில பாடத்திட்டங்களுக்கு 100 விழுக்காடு வரை வேலைவாய்ப்பு என விளம்பரம் செய்யப்பட்டிருந்த போதிலும், ஒருவருக்கேனும் வேலை கிடைத்ததற்குச் சான்று இல்லை என அவ்வழக்கு கூறியது. வளாகங்களில் நடத்தப்படாத ஊடுகதிர்த் தொழில்நுட்பம், அல்ட்ராசவுண்ட் போன்ற படிப்புகளுக்கும் விளம்பரங்கள் வந்தன. யாரைக் குறிவைத்து விளம்பரம் செய்ய வேண்டும் என்பதை விவரிக்கும் உள் ஆவணங்களும் வெளிவந்தன. தன்னம்பிக்கை குன்றியவர்கள், தனிமைப்பட்டவர்கள், அக்கறை காட்ட ஆளில்லாதவர்கள், எதிர்காலத்தைத் திட்டமிட இயலாதவர்கள் என அவற்றில் குறிக்கப்பட்டிருந்தது.

ஜெனிசிஸ் கடன்

அரசுக் கடன் கட்டணம் முழுவதற்கும் போதவில்லை. இளநிலைப் பட்டப் படிப்புக்கு 60,000 முதல் 75,000 டாலர் வரை வசூலிக்கப்பட்டது. எஞ்சிய தொகைக்கு நிறுவனமே ஜெனிசிஸ் என்ற பெயரில் தனியார் கடனுக்கு ஏற்பாடு செய்தது. வட்டி சுமார் 15 விழுக்காடு. அதே காலத்தில் அரசுக் கடனின் வட்டி இதில் பாதியைக் கூட எட்டவில்லை. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2014 செப்டம்பரில் தொடுத்த வழக்கின்படி, அரசுக் கடன் வரம்பை மிஞ்சும் வகையில் கட்டணம் வேண்டுமென்றே உயர்த்தப்பட்டது. அவ்வாறு உருவான பற்றாக்குறையை நிரப்பும் தனியார் கடன், 90/10 விதியின் பத்து விழுக்காட்டுக் கணக்கை நிறைவு செய்ய உதவியது. கட்டண உயர்வும் கூடுதல் கடனும் ஒரே சூழ்ச்சியின் இரு பகுதிகள் என்பதே பணியகத்தின் வாதம்.

ஜெனிசிஸ் கடன் பெற்றோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்று ஆண்டுகளுக்குள் தவணை கட்டத் தவறினர். படிக்கும்போதே தவணை கேட்கப்பட்டது. கட்டாதவர்களை வகுப்பிலிருந்து வெளியே அழைத்தல், கல்லூரிக் கணினிகளைப் பயன்படுத்த விடாமல் தடுத்தல், சான்றிதழைத் தர மறுத்தல் ஆகியவை நடந்ததாகவும் அவ்வழக்கு கூறியது.

பெரும்பாலான மாணவர்களால் நீதிமன்றத்தை நாட முடியவில்லை. சேர்க்கைப் படிவத்திலேயே, தகராறு எழுந்தால் தனியார் நடுவரிடம் தனித்தனியாகவே செல்ல வேண்டும், கூட்டு வழக்குத் தொடரக் கூடாது என்ற பிரிவு இருந்தது.

மூடல்

2014 சூனில், கேட்ட ஆவணங்களைத் தரவில்லை என்பதற்காகக் கல்வித் திணைக்களம் இந்நிறுவனத்துக்கான நிதியை 21 நாட்கள் நிறுத்தி வைத்தது. கையிருப்பு ஏதுமின்றி அரசுப் பணத்தை நம்பியே நாட்களை ஓட்டிய நிறுவனம் இதைத் தாங்கவில்லை. வளாகங்களை விற்க அல்லது மூட ஒப்புக்கொண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வளாகங்களை 2015 பிப்ரவரியில் செனித் கல்விக் குழுமம் வாங்கியது. இதன் தாய் நிறுவனமான ஈசிஎம்சி, மாணவர் கடன் உத்தரவாதம், வசூல் ஆகியவற்றில் ஈடுபட்டிருந்த இலாப நோக்கற்ற அமைப்பாகும். கல்லூரி நடத்திய முன்னனுபவம் அதற்கு இல்லை. அதே மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 14 எவரெஸ்ட் வளாகங்கள் மூடப்பட்டன.

2015 ஏப்ரல் 14 அன்று ஹீல்ட் முறைகேட்டுக்காக 3 கோடி டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 27 அன்று எஞ்சிய 28 வளாகங்களும் மூடப்பட்டு, சுமார் 16,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றனர். மே 4 அன்று நிறுவனம் திவாலானதாக மனு செய்தது.

மாணவர்கள் முன் அப்போது ஒரு கடினமான தெரிவு இருந்தது. மூடப்பட்ட கல்லூரியின் மாணவருக்குக் கூட்டாட்சிக் கடனைத் தள்ளுபடி செய்ய விதி உண்டு. ஆனால் படித்த பாடங்களின் மதிப்பெண் அலகுகளை வேறு கல்லூரிக்கு மாற்றி, அதே படிப்பை முடித்தால் அவ்வுரிமை போய்விடும். மாற்றுவதும் எளிதன்று, எவரெஸ்ட் வளாகங்கள் பெற்றிருந்த வகைத் தரச்சான்றைப் பல சமூகக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஏற்கவில்லை. ஆகவே படிப்பைக் காப்பாற்ற முயன்றவர் கடனைச் சுமக்க நேர்ந்தது. கடனை விட்டவர் படிப்பையும் விட நேர்ந்தது. முன்பே படித்து வெளியேறியவர்களுக்கு இந்த வழியும் இல்லை.

கடன் மறுப்புப் போராட்டம்

2014 செப்டம்பரில் ரோலிங் ஜூபிலி என்னும் தன்னார்வ இயக்கம் எவரெஸ்ட் மாணவர்களின் 38 இலட்சம் டாலர் தனியார் கடனை மிகக் குறைந்த விலைக்கு வாங்கி ரத்து செய்தது. அதன் வழித்தோன்றலான கடன் கூட்டமைப்பின் துணையுடன், 2015 பிப்ரவரியில் முன்னாள் மாணவர்கள் 15 பேர் கூட்டாட்சிக் கடனைத் திருப்பிச் செலுத்த மாட்டோம் என அறிவித்தனர். கொரிந்தியன் பதினைவர் என அழைக்கப்பட்ட இவர்களின் எண்ணிக்கை விரைவில் நூறைத் தாண்டியது.

இவர்கள் கையில் எடுத்தது, 1990களில் இயற்றப்பட்டு ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த ஒரு சட்டப் பிரிவு. கல்லூரி மாநிலச் சட்டத்துக்கு மாறாக நடந்திருந்தால், அதையே காரணமாகக் காட்டிக் கடனைத் திருப்பிச் செலுத்த மறுக்கலாம் என்பது அது. இதனைக் கடனாளி எதிர்வாதம் எனலாம். சட்டம் இருந்தது, விண்ணப்பிக்க ஒரு படிவம் கூட இல்லை. போராட்டக்காரர்களே படிவத்தை உருவாக்கி, முறையீடுகளைத் திரட்டித் திணைக்களத்திடம் அளித்தனர். 2015 சூனில் திணைக்களம் இதற்கென ஒரு நடைமுறையை அறிவித்தது.

தீர்ப்புகளும் தள்ளுபடியும்

பணியகத்தின் வழக்கில் 2015 அக்டோபரில் 53 கோடி டாலருக்கும், கலிபோர்னிய வழக்கில் 2016 மார்ச்சில் 110 கோடி டாலருக்கும் அதிகமான தொகைக்குத் தீர்ப்புகள் வந்தன. வசூலிக்க எதுவும் இல்லை. திவால் மனுவில் நிறுவனம் காட்டிய சொத்தே 1 கோடியே 92 இலட்சம் டாலர்தான். எனினும் இத்தீர்ப்புகள் வீணாகவில்லை. மாணவர்களின் கூற்று உண்மை என்பதற்குச் சட்டபூர்வமான சான்றாக அவை நின்றன. தனியார் கடனைப் பொறுத்தவரை, 2015 பிப்ரவரியில் 48 கோடி டாலரும், ஜெனிசிஸ் கடன்களை வாங்கியிருந்த ஈக்விட்டாஸ் நிறுவனத்துடனான 2017 உடன்பாட்டில் சுமார் 18 கோடி டாலரும் குறைக்கப்பட்டன.

கூட்டாட்சிக் கடன் விவகாரம் மேலும் இழுபட்டது. பெட்சி டெவோஸ் கல்விச் செயலராக இருந்தபோது, 2017 டிசம்பரில், முன்னாள் மாணவர்களின் வருமானத்தை ஒப்பிட்டுக் கடனில் ஒரு பகுதியை மட்டும் தள்ளுபடி செய்யும் முறை கொண்டுவரப்பட்டது. ஏமாற்றப்பட்டபின் தன் முயற்சியால் ஓரளவு சம்பாதித்தவருக்குக் குறைந்த நிவாரணமே கிடைக்கும் என்பது இதன் விளைவு. 2018 மே மாதம் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இம்முறைக்குத் தடை விதித்து, வசூலையும் நிறுத்தச் சொன்னது. உத்தரவை மீறி 16,000 இற்கும் மேற்பட்டோரிடம் வசூல் தொடர்ந்ததால், 2019 அக்டோபரில் செயலர் மீது நீதிமன்ற அவமதிப்பு உறுதி செய்யப்பட்டு, 1 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

2022 சூன் 1 அறிவிப்பு இந்த முறையை அடியோடு மாற்றியது. 1995 முதல் மூடப்படும் வரை எந்தக் கொரிந்தியன் வளாகத்தில் படித்தவராயினும், விண்ணப்பிக்காமலேயே அவருடைய நிலுவைக் கூட்டாட்சிக் கடன் முழுவதும் தள்ளுபடியாகும் என்பது அறிவிப்பு. ஒவ்வொரு மாணவரும் தான் ஏமாற்றப்பட்டதைத் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலை அதோடு இவர்களுக்கு முடிந்தது. துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ், தாம் வழக்குத் தொடுத்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, இது குறித்து உரையாற்றினார். இத்தகைய குழு முறையீடுகளுக்கு வழிசெய்யும் புதிய விதிகளை 2023 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நிறுத்தி வைத்தது.

எஞ்சியவை

எவரெஸ்ட், ஹீல்ட் ஆகிய பெயர்கள் கல்விச் சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. செனித் தான் வாங்கிய வளாகங்களுள் பெரும்பாலானவற்றைப் பின்னர் மூடியது. லாரமி நகரிலுள்ள வையோடெக் வளாகத்தை 2018 இல் அதன் முன்னாள் தலைவர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சி அங்குத் தொடர்கிறது.