படிக்கப் போன ஊரில் ஓர் இருப்பிடம்
விடுதிகளின் வழியே நம் கல்வி வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். நான் சின்னத் தலைப்பாக எடுத்திருக்கிறேன்: மாணவர் விடுதி. நம் கல்வி வரலாற்றைப் பள்ளிகளை வைத்தும் இடஒதுக்கீட்டை வைத்தும் நிறைய எழுதியிருக்கிறோம். பள்ளிக்கூடம் திறந்திருந்தாலும், அது இருக்கும் ஊரில் இராத்தங்க இடமில்லாதவன் எப்படிப் படிப்பான்? இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் கேட்டார்கள். அவர்கள் தேடிய விடையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் என் அனுபவம் ஒன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கு முன்பு குடும்பத்தோடு வந்து சுற்றிப் பார்க்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவார்களாம். நமக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. சேர்க்கைக்குக் கூப்பிடுகிற நாள்தான் கல்லூரியைப் பார்க்கிற நாள். என் அப்பா நடவு வேலையை விட்டுவிட்டு, இரவல் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். கல்லூரிக்குப் பக்கத்தில் அறை வாடகைக்கு என்று எழுதிப் போட்டிருந்த வீட்டில் கேட்டோம். அந்த அம்மா எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டார். அடுத்த கேள்வி, "ஊரா, காலனியா?" அப்பா "காலனிங்கம்மா" என்றார். "சொந்தக்காரப் பையனுக்குச் சொல்லி வெச்சிருக்கோம்" என்று கதவு சாத்தியது. பலகை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் அரசு விடுதிக்குப் போனோம். கல்லூரியைப் பத்து நிமிடம் பார்த்த அப்பா, விடுதியை ஒரு மணி நேரம் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். படிக்கட்டுக்குக் கீழே விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். சமையல் செய்யும் அம்மாவிடம், "சோறு அளவா போடுவீங்களா, வயித்துக்குப் போடுவீங்களா?" என்று கேட்டார். "புள்ளைங்க வயித்துக்குத்தாண்ணே" என்றார் அவர். நான் என்ன பாடம் எடுத்திருக்கிறேன் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. அந்த விடுதியில் இருந்த கழிவறைகள் எத்தனை என்பது தெரியும்.

வீட்டு முகவரியை மறைத்தவர்

அப்பாவின் கேள்விகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலில் தம் கோயம்புத்தூர் மாணவ நாட்களைக் குறிப்பிடுகிறார். சுமார் 400 பிள்ளைகள் படித்த இடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, யாரோடும் பழகாமல், பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். 'எங்கே தங்கியிருக்கிறாய்?' என்று ஒரு மாணவனை இன்னொரு மாணவன் கேட்பது சாதாரணம். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு பிள்ளை விளையாடாமலே வளர்ந்தது. பின்னாளில் 1893இல் 'பறையன்' என்று பெயரிட்டுப் பத்திரிகை தொடங்கியவர் அவர். மறைத்து வைக்க வேண்டியிருந்ததைப் பத்திரிகையின் தலைப்பாகவே போட்டார்.

திண்டிவனத்தில் ஒரு மாணவன்

இனி நம் மண்ணுக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டம் 1993இல்தான் பிறந்தது. அதற்கு முன்பு இது தென்னார்க்காடு. அந்தத் தென்னார்க்காட்டில் நம் மக்களின் கல்விக்கு வித்திட்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. சிதம்பரத்தோடு அவரைச் சேர்த்துப் பேசுகிற நாம், அவர் படித்தது திண்டிவனத்தில் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் நடத்திய பள்ளியில் அவர் சேர்ந்தார். சுற்றுவட்டச் சேரிகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அன்று மிஷன் பள்ளிகளே கதவு திறந்தன. தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தன. நம்மில் பலருடைய பாட்டன்மார் கையெழுத்துப் போடக் கற்றது அங்கேதான். அந்த நன்றியைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். முனுசாமிக்குச் சிகாமணி என்ற பெயரும் அங்கே கிடைத்தது. மதம் மாறும்படி அவரை வற்புறுத்தினார்கள், அவர் மறுத்தார், அதனால் விடுதியில் அவருக்கு ஆன செலவைக் கேட்டு வெளியேற்றினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

படிப்பு நின்றது. குடும்பத்தோடு கோலார் தங்கவயலுக்குப் போனார். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் சீடரானார். 1910இல் சிதம்பரம் வந்தார். 1916இல் நந்தனார் பெயரில் அங்கே பள்ளி தொடங்கினார். கோயிலுக்குள் நுழைய முடியாதவன் என்று கதை சொல்லப்பட்ட நந்தனின் பெயரில், கோயில் ஊரிலேயே, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடத்தை உருவாக்கினார். ஊர் ஊராகப் போய்க் கையேந்தித்தான் அதை நடத்தினார். பின்னர் சட்டமன்றத்துக்குள்ளும் போனார். 1959 மே 1 அன்று மறையும்போது சிதம்பரம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்.

விடுதிச் செலவைக் காட்டி வெளியே அனுப்பப்பட்ட மாணவர், செலவைக் கேட்காத விடுதியைக் கட்டினார் என்பதே இதில் நான் காணும் தொடர்ச்சி. சோறு போடுகிறவர் அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்கும் நிலை இருக்கும்வரை மாணவனுக்குச் சுதந்திரம் கிடையாது. அது மதமாக இருக்கலாம், பணிவாக இருக்கலாம், வாயை மூடிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம்.

பந்தியும் படுக்கையும்

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய கதையன்று. கோலாப்பூரில் சாகு மகாராசர் 1901 முதல் சாதி வாரியாக விடுதிகளைத் திறந்தார். 1908இல் தீண்டப்படாதோருக்கான மிஸ் கிளார்க் விடுதி வந்தது. கல்லூரி இருந்த நகரத்தில் படுக்க இடம் கொடுத்தால்தான் கிராமத்துப் பிள்ளை வரும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை இருப்பிடத்தை வைத்துப் படித்துப் பாருங்கள். 1913இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். ஹார்ட்லி ஹாலில் சில நாள் தங்கிவிட்டு லிவிங்ஸ்டன் ஹாலுக்கு மாறுகிறார். அங்கே அறையில் கிடைத்த பார்சி நண்பர் நவல் பதேனா, வாழ்நாள் நண்பரானார். 1917இல் அதே அம்பேத்கர் பட்டங்களோடு பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். எந்த இந்து விடுதியிலும் இடமில்லை. பார்சி பெயரில் ஒரு பார்சி சத்திரத்தில் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து மாலைக்குள் காலி செய் என்கிறது. பொதுப் பூங்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு இரவு இரயிலில் பம்பாய் திரும்புகிறார். 1924இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது தற்செயலா? தங்க இடமின்றி நின்ற மனிதருக்குத்தான் விடுதியின் அருமை தெரியும்.

அதே ஆண்டுகளில் தமிழகத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் பந்திப் பிரச்சினை வெடித்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய, காங்கிரஸ் கட்சியின் பணமும் பெற்ற அந்த விடுதிப் பள்ளியில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். தமிழக அரசியலின் போக்கே அதனால் மாறியது. அங்கே எழுந்த சண்டை பிராமணர், பிராமணரல்லாதார் பந்தி பற்றியது. நம் பிள்ளைகளுக்குப் பந்தியில் இடமுண்டா என்ற கேள்வி அந்தச் சண்டையில் ஓரமாகவே நின்றது.

நான்கு பெயர்கள்

அரசு விடுதிகளின் கதையை அவற்றின் பெயர்களை வைத்தே சொல்லிவிடலாம். 1919–20இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாக்கப்பட்டு, ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலப்பணி அந்தத் துறையிடம் தரப்பட்டது. எம்.சி.ராஜா போன்றோர் சட்டசபையில் விடாமல் கேட்டதால் பள்ளிகளும் விடுதிகளும் உதவித்தொகைகளும் மெல்ல வந்தன. அதனால்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'லேபர் ஸ்கூல்' என்கிறார்கள். விடுதலைக்குப் பின் அரிசன நலத்துறை வந்தது, 'அரிஜன் ஹாஸ்டல்' ஆனது. அந்தப் பெயரை நாம் எதிர்த்தோம், 'ஆதிதிராவிடர் நல விடுதி' ஆனது. 2025 சூலையில் எல்லாத் துறைகளின் மாணவர் விடுதிகளும் 'சமூகநீதி விடுதி' என அழைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள் என்று கணக்கும் சொல்லப்பட்டது.

பெயர் மாற்றம் தேவைதான். விடுதியின் பெயரைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடுகிறது என்று குறுகிப்போன பிள்ளைகளை நான் அறிவேன். ஆனால் பெயரை மாற்றி முடித்த பிறகு அப்பாவின் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. 2023இல் உணவுப்படி உயர்த்தப்பட்டது. பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் 1,400 ஆனது. கல்லூரி மாணவருக்கு 1,100 ரூபாய் 1,500 ஆனது. நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளை. விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஐம்பது ரூபாய்க்கு ஒரு வேளை என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். உயர்த்தியதை வரவேற்போம், கணக்கையும் கேட்போம்.

கல்லூரி உதவித்தொகையும் இப்படிக் கேட்டுப் பெற்றதுதான். 1942 அக்டோபரில் வைசிராய்க்கு அம்பேத்கர் கொடுத்த கோரிக்கை மனுவைத் தொடர்ந்து 1944இல் பட்டியல் சாதி மாணவருக்கான ஒன்றிய உதவித்தொகை தொடங்கியது. இன்று நீங்கள் இணையத்தில் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அதுதான்.

விழுப்புரத்துக்கு வந்த பிள்ளைகள்

விழுப்புரத்தில் 1978 சூலையில் நம்மவர் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கடைத்தெருவில் தொடங்கி நகரமே எரிந்தது. அந்த நகரத்துக்குத்தான், கொலைக்குப் பிறகும், சுற்றுக் கிராமத்துக் காலனிகளிலிருந்து பிள்ளைகள் படிக்க வந்தார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. வாடகை அறை கிடைக்காதவர்களுக்கு விடுதிதான் காவலும் கூரையும். விடுதி ஒதுக்கீட்டில் பெயர் வராத பையனைக் கூட்டாளிகள் பாயில் சேர்த்துக்கொண்டு, இரண்டு பேர் சோற்றை மூன்று பேராகப் பிரித்துத் தின்ற கதையை என் தலைமுறையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த அறைகளில்தான் நாங்கள் அம்பேத்கரைப் படித்தோம். 1990களின் தொடக்கத்தில் அவருடைய நூற்றாண்டை ஒட்டி வந்த துண்டறிக்கைகள், சிறுபத்திரிகைகள் எல்லாம் விடுதியில் கைமாறிக் கிழிந்தவை. மராத்தியிலும் இப்படித்தான். 1950இல் அம்பேத்கர் அவுரங்காபாத்தில் தொடங்கிய மிலிந்த் கல்லூரி மராத்தி தலித் இலக்கியத்தின் விளைநிலமானது. ஒரே துயரத்தை உடையவர்கள் ஒரே கூரையின் கீழ் இரவு பேசிக்கொண்டிருந்தால் இலக்கியமும் வரும், இயக்கமும் வரும்.

அதனால்தான் தண்டிக்க நினைப்பவர்களும் முதலில் விடுதியில் கை வைக்கிறார்கள். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2016 சனவரிக் குளிரில் வளாகத்திலேயே கூடாரம் போட்டு, அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்துப் படுத்தார்கள். வெலிவாடா என்றால் ஊருக்கு வெளியே உள்ள சேரி. சனவரி 17 அன்று ரோஹித் வெமுலா இறந்தார். பல்கலைக்கழகத்துக்குள்ளும் ஊரும் சேரியும் உண்டு என்று அந்தப் பெயர் உலகுக்குச் சொன்னது.

உங்களிடம் ஒரு வேலை

மாணவர்களே, உங்களிடம் இரண்டு கேட்கிறேன். சூன் மாதம் தம்பியையோ தங்கையையோ கல்லூரியில் சேர்க்கப் போகும்போது, சேர்க்கைச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். விடுதிக்குள் போய்ப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை எவ்வளவு, தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர்? காப்பாளர் இரவில் இருக்கிறாரா? காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிறதா? எத்தனை பேருக்கு ஒரு கழிவறை? பெண்கள் விடுதி என்றால் சுற்றுச்சுவரும் தெருவிளக்கும் உண்டா, கல்லூரிக்கு எத்தனை கிலோமீட்டர், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? இருளர் பிள்ளைகள் இருக்கிறார்களா, சாதிச் சான்றிதழ் இல்லையென்று யாரையாவது திருப்பி அனுப்பினார்களா? எழுதி வாருங்கள். ஒரு மாவட்டத்தின் எல்லா விடுதிகளையும் பற்றி இப்படி எழுதப்பட்ட ஒரு கட்டு காகிதம் ஆட்சியரின் மேசையில் இருந்தால், அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது, உங்கள் விடுதியின் வரலாற்றை எழுதுங்கள். அது எந்த ஆண்டு தொடங்கியது, முதலில் யார் வீட்டு வாடகைக் கட்டடத்தில் இருந்தது, யார் நிலம் கொடுத்தார், யார் சமைத்தார், யார் படித்து வெளியே போனார் என்று விசாரியுங்கள். சமைத்த அம்மாக்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். என் அப்பாவுக்கு "வயித்துக்குத்தாண்ணே" என்று பதில் சொன்ன அம்மாவின் பெயரை நான் அங்கே தங்கிய மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தக் குற்றத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன். நீங்கள் கேட்டு எழுதிவிடுங்கள்.