கோயில் வீதியில் மேளச் சமா



கச்சேரி என்றதும் இக்காலத்தவர் மனத்திலே தோன்றுவன மண்டபம், மேடை, நுழைவுச் சீட்டு, வரிசையாக இடப்பட்ட கதிரைகள் என்பனவே. இவற்றுள் ஒன்றேனும் இல்லாமல், ஓர் ஊரின் சனம் முழுவதும் விடியுமட்டும் விழித்திருந்து இசை கேட்ட வரலாறு யாழ்ப்பாணத்துக்கு உண்டு. கோயில் வீதியின் மணலே அங்கு மண்டபம். நாதசுவரமும் தவிலும் வாசித்த மேளகாரரே கலைஞர். ஒன்றுக்கு மேற்பட்ட மேளக் கூட்டங்கள் ஒருங்கு கூடி வாசிக்கும் அக்கச்சேரியை நம்மவர் சமா என்றனர்.

முற்காலத்திலே கோயில்களில் இருவகை மேளம் இருந்தது. நாதசுவரமும் தவிலும் சேர்ந்தது பெரியமேளம். ஆடல் மகளிரின் சதிர்க் கூட்டம் சின்னமேளம். சைவத்தைச் சீர்திருத்தப் புகுந்த நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) சின்னமேளத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் காலத்திலேயே அது ஒழிந்துவிடவில்லை. பிற்காலத்திலே அது மெல்ல மெல்ல மறைந்தபொழுது, திருவிழா இரவின் முதலிடம் பெரியமேளத்துக்கே உரியதாயிற்று. சின்னமேளத்தோடு ஓர் ஆடற்கலையும் கோயிலை விட்டுப் போயிற்று என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

சமாவுக்குப் பணம் கொடுத்தவர் யார்? கேட்க வந்தவர் ஒரு சதமும் கொடுத்திலர். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒவ்வொரு நாட்டிருவிழாவும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு பகுதியாருக்கோ, ஒரு தொழிலினருக்கோ உபயமாக உரியது. நேற்றைய உபயகாரர் நான்கு கூட்டம் பிடித்தாரென்றால் இன்றைய உபயகாரர் ஆறு பிடிக்காமல் உறங்கார். இதிலே பக்தி எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுதல் எளிதன்று. ஆயினும் அந்த வீம்பினாலே வாழ்ந்த கலைஞர் பலர். புகையிலை விற்ற பணமும் கொழும்பிலே உத்தியோகம் பார்த்த பணமும் இவ்வழியாலே தவிலுக்கும் நாதசுவரத்துக்கும் வந்து சேர்ந்தன.

கடலுக்கு அப்பாலிருந்தும் வித்துவான்கள் வந்தனர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின் தஞ்சாவூர்ப் பக்கத்து மேளகாரர் வந்துபோதல் எளிதாயிற்று. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் (1898-1956) வாசிப்பைக் கேட்ட தலைமுறை ஒன்று நம் நாட்டிலும் இருந்தது. அரையிலே துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடி வாசித்த நாதசுவரக்காரரை, சட்டை அணிந்து மேடையில் அமர்ந்து வாசிப்பவராக உயர்த்தியவர் அவர். கலைக்குக் கிடைத்த மதிப்புக் கலைஞனுக்குக் கிடைக்காதிருந்த காலத்திலே அது சிறிய செயலன்று.

இனிச் சமாவின் நடைமுறையைச் சொல்வேன். மாலைப் பூசை முடிந்து, மல்லாரி முழங்கச் சுவாமி புறப்படும். வீதியிலே ஓரிடத்திற் சுவாமி தரித்து நிற்க, பெற்றோமாக்ஸ் விளக்கொளியிலே மேளகாரர் எதிரெதிராக அமர்வர். ஒரு கூட்டத்தார் இராகத்தை விரித்து நிறுத்த, மற்றவர் அவ்விடத்திலிருந்தே எடுத்துத் தொடர்வர். பின்னர்த் தவில்களின் முறை வரும். பலாமரத்திற் குடைந்த குடம், இடப்பக்கத்திலே கழி, வலப்பக்கத்திலே கூடு அணிந்த விரல்கள். ஒருவர் வாசித்த கோர்வையை அடுத்தவர் அப்படியே திருப்பி வாசித்து, அதன்மேலே தம்முடையது ஒன்றை வைப்பார். இவ்வாறு நான்கு தவில், ஆறு தவில் சுற்றி வரும்பொழுது மணலிலே இருந்த கமக்காரரும் சுருட்டுத் தொழிலாளரும் தொடையிலே தாளம் போட்டுக் கணக்குப் பார்ப்பர். அவர்களுட் பலர் இசையை நூலிற் கற்றவரல்லர். கோர்வை சமத்திலே வந்து விழாவிட்டால் அவர்களுடைய முகம் காட்டிவிடும். மேளகாரர் அஞ்சியது அந்த முகத்துக்கே. நடுநிசிக்குப் பின்னர்ச் சினிமாப் பாட்டுக் கேட்டுத் துண்டெழுதி அனுப்புவோரும் உண்டு. 1962 இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கைப் படத்திலே காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுவரம் ஒலித்தபின் அவ்வழக்கம் மிகுந்ததில் வியப்பில்லை. இதனைக் குறைகூறும் பெரியோருடன் எனக்கு உடன்பாடில்லை.

இத்தகைய கேள்வியறிவு வளர்ந்த மண்ணிலேதான் தட்சணாமூர்த்தி தோன்றினார். 1933 இல் இணுவிலிலே தவிற்காரர் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, தமிழகத்திலே நாச்சியார்கோயில் இராகவபிள்ளையிடமும் பயின்று, அளவெட்டியிலே வாழ்ந்தவர். தவிலின் தாய்நாடாகிய தஞ்சைப் பகுதியே அவருடைய வாசிப்பை வியந்து கேட்டது. 1975 இல், நாற்பத்திரண்டு வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அவரைப்பற்றி அம்சன் குமார் ஆக்கிய ஆவணப்படம் இந்தியத் தேசிய விருது பெற்றது. அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி பஞ்சாபிகேசன் முதலிய நாதசுவர வித்துவான்களும் இந்த வீதிகளிலேயே புகழ் வளர்த்தவர்கள்.

எல்லாரும் ஒரே மணலில் இருந்து கேட்டார்கள் என்று நான் சொன்னால் அது வரலாறு ஆகாது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல கோயில்களிலே கோபுர வாசலுக்கு உட்புறம் செல்லும் உரிமை இருக்கவில்லை. உள்ளே பூசையைக் காணமுடியாதவர் வெளியே தொலைவில் நின்று மேளத்தைக் கேட்டனர். மதில் கண்ணை மறைத்தது. தவிலின் ஒலியை மறைக்க அதனால் இயலவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பதினொரு ஆண்டின் பின்னரும், 1968 இலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசம் கேட்டு அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. அக்காலத்து இரசிகர்களின் நுண்ணறிவைப் புகழும் நம் கட்டுரைகள் அவர்களுள் ஒரு பகுதியார் எங்கே நின்றனர் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

போர் வந்தபொழுது முதலிலே போனது இரவு. ஊரடங்குச் சட்டத்தினாலே இரவுத் திருவிழாக்கள் பிற்பகலுக்கு மாறின. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது, மேளகாரரும் தவிலைத் தூக்கிக்கொண்டு நடந்தனர். பொழுது சாயுமுன் வீடு சேரவேண்டிய சனத்துக்கு விரிவான இராகம் ஏது? பிள்ளைகள் பலர் விடிய விடிய நடக்கும் சமா ஒன்றைக் காணாமலே வளர்ந்தனர். அவர்களிற் சிலர் இன்று என் பாடசாலையிலே ஆசிரியராக இருக்கின்றனர்.

போர் 2009 இல் முடிந்தபின் சமா மீண்டது. ஒலிபெருக்கி வந்தது, கதிரை வந்தது. இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடுவதும் உண்டு. தவில் பழகும் இளைஞர் தொகை குறையவில்லை. ஆனால் ஆடி, ஆவணி மாதங்களிலே இலண்டனிலும் தொறன்றோவிலும் சுவிற்சர்லாந்திலும் நம்மவர் கட்டிய கோயில்களுக்கும் திருவிழா. நல்லூர்க் கொடியேற்றமும் அக்காலத்திலேயே வருகின்றது. ஆதலாற் பெயர்பெற்ற கூட்டம் ஒன்றைத் தம் உபயத்துக்கு அழைக்க விரும்புவோர் இப்பொழுது பல மாதங்களுக்கு முன்னரே நாள் கேட்டு வைக்கின்றனர்.