பிரெவின் பிரீவியூ ஆன கதை

ஆண்ட்ரூ பிரீவியூ என்ற பெயரில் எவரும் பிறந்ததில்லை. 1971 கிறித்துமசு நாளில் பிபிசி ஒளிபரப்பிய எரிக் மோர்கம், எர்னி வைஸ் இருவரின் நகைச்சுவை நிகழ்ச்சிதான் அவரைப் படைத்தது. இலண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தலைமை நடத்துநர் ஆந்த்ரே பிரெவினை, கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோ வாசிக்க வந்த எரிக் அப்படித்தான் விளித்தார்.

சொல்லன்பரே, பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ஆந்த்ரே, ஆணைக் குறிக்கும் கிரேக்க வேரில் முளைத்து பிரெஞ்சு வழியில் திரிந்தது. நம் ‘ஆண்’ உடனே காதில் ஒலிக்கும், ஆனால் ஒலி ஒத்ததெல்லாம் உறவாகிவிடாது. குடும்பப் பெயரோ பெர்லினில் ‘பிரிவின்’ என்றிருந்தது. தமிழ்க் கண்ணுக்கு அது ‘பிரிவு’ சாரியை ஏற்று நிற்பதாகவே தோன்றும். தற்செயல்தான், ஆயினும் நாட்சிகளுக்கு அஞ்சி 1938இல் ஊரைப் பிரிந்த யூதக் குடும்பத்துக்கு எத்தனை பொருத்தம்! அமெரிக்காவில் இகரம் எகரமாகிப் ‘பிரெவின்’ ஆயிற்று. எரிக் வாயில் அந்த எகரம் ஈகாரமாக நீண்டு, கடைசி னகரம் உதிர்ந்து, ‘யூ’ வந்து ஒட்டிக்கொள்ள, உலகறிந்த நடத்துநர் இன்னும் வெளிவராத படத்தின் முன்னோட்டமானார்.

எடி பிரேபன் எழுதிய அந்த நாடகத்தின் உயிரே இதுதான். சுரங்களெல்லாம் சரிதான், வரிசைதான் சற்று முன்பின் என்று பிரெவினின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாதிடும் எரிக், கான்செர்ட்டோவுக்குச் செய்ததையே பெயருக்கும் செய்கிறார்: தொடக்கத்து மெய்கள் பிழையற்றவை, முடிவில்தான் தடம் புரள்கிறது.

பிறர் பெயரைத் திரித்தவரின் பெயரும் பிறவிப் பெயரன்று. பார்த்தலமியூ என்ற குடும்பத்தில் பிறந்து, லங்காசயரிலுள்ள தம் ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டவர் அவர். ஊருக்கு அப்பெயர் வந்தது விரிகுடாவிலிருந்து. விரிகுடாவுக்கு வந்ததோ, தாலமியின் பழைய நிலநூலில் கிடந்த ‘மொரிகாம்பே’யைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொன்மை ஆய்வாளர்கள் தேடியெடுத்து ஒட்டியதால். கெல்டிய மொழியில் அது வளைந்த கடல். ஆங்கில எழுத்தில் இன்றும் நிற்கும் பகரம், பேச்சில் வாய் திறப்பதில்லை. எர்னியோ வைஸ்மேனாகப் பிறந்து வைஸ் ஆனவர். ஆந்த்ரேயில் ஒளிந்திருக்கும் ஆண், எர்னியில் உதிர்ந்துவிட்டான்.

பிறகு இலண்டன் டாக்சிக்காரர்களும் தம்மை ‘மிஸ்டர் பிரீவியூ’ என்றே அழைத்ததாகப் பிரெவின் சொல்லியிருக்கிறார். 1996இல் பிரித்தானிய அரசு அவருக்குக் கௌரவ நைட் பட்டம் அளித்தது. அமெரிக்கக் குடிமகன் என்பதால் பெயருக்கு முன் ‘சர்’ போட்டுக்கொள்ள வழியில்லை. எரிக் சூட்டிய பட்டத்துக்கு அத்தகைய தடை ஏதும் இருக்கவில்லை.